உரியாவின் வழக்கு

பாவம், நியாயத்தீர்ப்பு என்னும் இவ்விரு சொற்களும் நமது கலாசாலைகளின் ஜெபக்கூடங்களில் முன்போல் அடிக்கடி ஒலிப்பதில்லை. ஒலிக்குமிடத்தும், சொல்வோர் சிறிது நாணத்துடன் சொல்வதையும், கேட்போர் கடிகாரத்தை நோக்குவதையும் நாம் கண்டிருக்கிறோம். கற்றோர் இவற்றைக் கைவிட்டமையால் இவை அழிந்துபோகவில்லை. பந்தலிட்டு ஒலிபெருக்கி கட்டிப் பேசுவோர் வசம் சென்று சேர்ந்தன. அவர்கள் இவ்விரண்டையுமன்றி வேறொன்றும் பேசுவதில்லை என்னலாம். ஆயின் அவர்தம் பாவ அட்டவணையை உற்று நோக்குவோமாயின், புகையிலை, சீட்டாட்டம், சினிமா, பெண்களின் நகை என்ற அளவில் அது நின்றுவிடுகின்றது. அரைக்கூலி கொடுப்பவனும், அநாதையின் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்பவனும் அப்பந்தலில் முன்வரிசையில் அமர்ந்து, தம்மைப்பற்றி யாதும் கூறப்படாமையால் மனநிறைவோடு வீடு திரும்புதல் கூடும். நாணி மௌனஞ் சாதிப்போரும், அச்சுறுத்தி ஆர்ப்பரிப்போரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது நமது கருத்து. இருசாராரும் இவ்வுபதேசம் பாவஞ்செய்தவனை மாத்திரம் பற்றியது என்று எண்ணுகின்றனர். பாவத்தால் அடியுண்டவன் ஒருவன் இருக்கின்றான் என்பதை இருவருமே மறந்தனர்.

தமிழிலே 'பாவம்' என்ற சொல்லுக்கு ஒரு விசித்திரமான கதி உண்டாயிருக்கின்றது. கொலையும் பாவம், கொலையுண்டவனைப் பார்த்து நாம் இரங்கிச் சொல்வதும் 'ஐயோ, பாவம்' என்பதே. இது வழக்கில் நேர்ந்த மாறுதலேயன்றி வேதசாஸ்திரமன்று என்பதை அறிவோம். எனினும் ஒரே சொல் செய்தவன் மேலும் பட்டவன் மேலும் செல்லுதல் சிந்திக்கத்தக்கது. வேதாகமத்தின் மூலமொழிகளில் இத்தகைய இரக்கப்பொருள் அச்சொற்களுக்கு இல்லை. கிரேக்கர் வழங்கிய 'ஹமார்த்தியா' என்பது குறி தவறுதலைக் காட்டும். எபிரெய மொழியிலும் பாவத்தைக் குறிக்கும் முதன்மையான சொல் அத்தகையதே. நியாயாதிபதிகள் ஆகமத்தில், மயிரிழையையும் தவறாது கவண்கல் எறியவல்ல 700 இடதுகை வீரர் பென்யமீன் கோத்திரத்தில் இருந்தனரென்று சொல்லுமிடத்து, 'தவறாது' என்பதற்கு அமைந்த வினைச்சொல் பாவத்துக்கு வழங்கும் அச்சொல்லேயாம். இதனோடு, வரம்பு மீறிக் கலகஞ்செய்தலைக் குறிப்பதொன்றும், கோணலைக் குறிப்பதொன்றுமாக வேறிரு சொற்களும் உண்டு. இம்மூன்றும் ஒருங்கே வருமிடம் 51ஆம் சங்கீதத்தின் தொடக்கம். நமது தமிழ் வேதாகமத்தில் அவை மீறுதல், அக்கிரமம், பாவம் என முறையே நிற்கின்றன. அச்சங்கீதத்தின் தலைப்பு, அது எந்தச் சமயத்துப் பாடப்பட்டது என்பதையும் கூறுகின்றது. தாவீது அரசன் பத்சேபாளிடத்துச் சென்றபின் நாத்தான் என்னும் தீர்க்கதரிசி அவனிடம் வந்தபோது பாடியதென்று. ஆகவே அவ்வழக்கையே நாம் எடுத்துக்கொள்வோம்.

கதை யாவரும் அறிந்ததெனினும் அதில் ஒருவனை நாம் விரைவாகக் கடந்துபோகிறோம். அவன் உரியா. ஏத்தியன், அஃதாவது பிற இனத்தான். இஸ்ரவேலின் படையோடு ரப்பா நகரை முற்றுகையிட்டிருந்தான். அவன் மனைவியைத் தாவீது அழைப்பித்துக்கொண்டான், அவள் கருவுற்றாள். குற்றத்தை மறைக்க வேண்டி அரசன் உரியாவைப் போர்க்களத்தினின்று வரவழைத்து, வீட்டுக்குப் போய் இளைப்பாறும்படி உபசாரமாய்ச் சொல்லியனுப்பினான். உரியாவோ, உடன்படிக்கைப் பெட்டியும் சேனையும் கூடாரங்களில் தங்கியிருக்கத் தான் மட்டும் வீடு செல்வது தகாதென்று, அரண்மனை வாயிலிலே ஊழியரோடு படுத்துறங்கினான். மறுநாள் அவனுக்கு மது ஊட்டியும் பயனில்லை. பின்னர் அரசன் ஒரு நிருபம் எழுதி, அதனை உரியாவின் கையிலேயே கொடுத்துச் சேனாபதியிடம் அனுப்பினான். தன் மரணத்துக்கான கட்டளையைத் தானே சுமந்து சென்ற அம்மனிதன் அதனைப் பிரித்துப் பார்த்தானல்லன். மதிலருகே போர் கடுமையான இடத்தில் நிறுத்தப்பட்டு இறந்தான். செய்தி வந்தபோது அரசன் சேனாபதிக்குச் சொல்லியனுப்பிய ஆறுதலைக் கவனித்தல் வேண்டும்: மனம் வருந்த வேண்டா, வாளானது இவனையும் தின்னும் அவனையும் தின்னும் என்ற கருத்தில் அவன் சொன்னான். கொலை இவ்வாறு போர்ச்சேதமாயிற்று. இம்மாதிரியான மொழிபெயர்ப்பில் ஆளுவோர் எக்காலத்தும் வல்லவர்.

நாத்தான் வந்தான். அவன் அரசனைக் கடிந்துரைக்கவில்லை. ஒரு வழக்கைத் தீர்ப்புக்கு வைத்தான். ஆடுமாடுகள் மிகுதியாயுள்ள செல்வன் ஒருவன், தன் விருந்தாளிக்காகத் தன் மந்தையைத் தொடாமல், ஏழை ஒருவன் பிள்ளையைப்போல் வளர்த்த ஒற்றைப் பெண்ணாட்டுக்குட்டியைப் பறித்துச் சமைத்தான் என்று கூறினான். தாவீது வெகுண்டு, அவன் மரணத்துக்குரியவன், நாலத்தனையாகத் திருப்பிக்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புரைத்தான். அந்த மனிதன் நீயே என்றான் நாத்தான். நியாயாசனத்தில் இருந்தவன் கணத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றான். அவனைத் தள்ளியது அவன் சொந்தத் தீர்ப்பு.

தமிழ் மாணாக்கருக்கு இவ்விடத்தில் வேறோர் அரசன் நினைவுக்கு வராதிருத்தல் அரிது. சிலம்பினுள் இருந்தவை முத்துக்களல்ல, மாணிக்கங்கள் என்று கண்ட நொடியில் பாண்டியன் நெடுஞ்செழியன் தன்னையே கள்வனென்று தீர்த்து, அரியணையில் வீழ்ந்து உயிர்விட்டான். நீதிக்கு அவன் கொடுத்த விலையை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் நெகிழ்கின்றது. தாவீதோ உயிர்விடவில்லை. பாவஞ்செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். நீ சாவதில்லை என்ற வார்த்தை அவனுக்கு வந்தது. குற்றவாளியென்று தீர்க்கப்பட்ட பின்னும் ஒருவன் வாழலாம் என்பதே கிறிஸ்தவ உபதேசத்தின் சிறப்பு என்று நமது உபாத்தியாயர்கள் சொல்வார்கள், அது மெய்யே. ஆயினும் நாம் ஒன்று வினவுகிறோம். பாண்டியன் இறந்ததனால் கோவலன் எழுந்து வந்தானா? தாவீது மன்னிக்கப்பட்டதனால் உரியா எழுந்து வந்தானா? மேற்படி சங்கீதத்திலே தாவீது, தேவனுக்கு விரோதமாக மாத்திரமே பாவஞ்செய்தேன் என்ற பொருள்படப் பாடுகிறான். இதனைப் பலமுறை படித்தும் நமக்கு மனம் சமாதானமானதில்லை. எல்லாப் பாவமும் முடிவில் தேவனுக்கு விரோதமானது என்பதே இதன் பொருளென வியாக்கியானிகள் உரைப்பர். இருக்கட்டும். மதிலடியில் கிடக்கும் அந்த ஏத்தியன் யாரிடம் போய் முறையிடுவான்? மன்னிப்பவர் மன்னித்தார், மன்னிக்கப்பட்டவன் பாடினான், உரியாவின் சம்மதத்தைக் கேட்டவர் யார்?

இக்கேள்விக்கு விடையாகவே நியாயத்தீர்ப்பு நாள் என்னும் உபதேசம் நிற்கின்றது என்பது நமது துணிபு. மன்னிப்பு கணக்கை அழித்துவிடுகிறது என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். வேதாகமம் உரியாவின் பெயரை அழித்ததா? இல்லை. தாவீதின் பராக்கிரமசாலிகளுடைய பெயர்கள் சாமுவேல் இரண்டாம் புஸ்தகத்தின் 23ஆம் அதிகாரத்தில் வரிசையாக வருகின்றன. ஆகத்தொகை 37 என்று முடியுமுன் வரும் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. ராஜாக்களின் முதலாம் புஸ்தகத்தில் தாவீதின் செவ்வையான நடக்கையைப் புகழுமிடத்தும் உரியாவின் காரியம் தவிர என்ற விலக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் போதாதென்று, ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்குப்பின் வாழ்ந்த இயேசுவின் வம்ச அட்டவணையை எழுதப்புகுந்த மத்தேயு, சாலொமோனின் தாயைப் பத்சேபாள் என்று எழுதினானல்லன். உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று எழுதினான். புதிய ஏற்பாட்டின் முதற்பக்கத்திலே, இரட்சகரின் குலமுறைக்குள்ளேயே, கொலையுண்டவன் பெயர் நிற்கின்றது. மன்னிப்பு தாவீதைக் காப்பாற்றிற்று. உரியாவின் வழக்கை அது தள்ளுபடி செய்யவில்லை.

இதனை மனத்திற்கொண்டு பழைய ஏற்பாட்டைத் திருப்பினால், தேவன் நியாயந்தீர்க்க வருகிறார் என்ற செய்தி பெரும்பாலும் நற்செய்தியாகவே கூறப்பட்டிருத்தலைக் காணலாம். எபிரெயரின் நியாயாதிபதிகள் வழக்கு விசாரிப்போர் மாத்திரமல்லர். ஒடுக்குவோரிடமிருந்து மக்களை மீட்டோர். தெபொராள் மரத்தடியில் அமர்ந்து நியாயம் விசாரித்தாள், சேனையையும் எழுப்பினாள். 96ஆம் சங்கீதத்தில், அவர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறாரென்று வயலும் காட்டு விருட்சங்களும் களிகூருகின்றன. நீதிபதி வரும் செய்தி கேட்டுக் களிகூருபவன் யார்? வழக்கு நெடுநாள் நிலுவையிற் கிடக்கும் ஏழை. சம்மன் கண்டு நடுங்குபவன் எதிர்வழக்காடி. நமது பிரசங்கங்கள் அனைத்தும் எதிர்வழக்காடியின் செவிக்கே சொல்லப்பட்டு வந்திருப்பதால் நடுக்கம் மட்டும் மிஞ்சியது போலும்.

அன்பே உருவான தேவன் தண்டிப்பாரோ என்பது நமது மாணவர் மன்றங்களில் ஆண்டுதோறும் எழும் ஆட்சேபம். அதனை நாம் எளிதாகத் தள்ளுவதில்லை. அக்கினிக்கடலை அளந்து காட்டுவோர் பேச்சில் அன்பைக் காணாமையாலேயே அது எழுகின்றது. ஆனால் கண்முன் ஒரு குழந்தையை ஒருவன் அடித்து நொறுக்க, இருவரையும் சமமாய் நோக்கிப் புன்னகை புரிந்துகொண்டிருப்பவனை அன்புடையான் என்போமா? கிறிஸ்தவரல்லாத நண்பர் சிலர், வினை தன் பயனைத் தானே ஊட்டும், நீதிபதி எதற்கு என்று கேட்பதுண்டு. அக்கொள்கையின் கட்டுக்கோப்பை நாம் மதிக்கிறோம். எனினும் விதியை நோக்கி முறையிட முடியாது, நீதிபதியிடம் முறையிடலாம். யோவானுக்கு வெளிப்படுத்தின விசேஷத்தில், கொலையுண்ட சாட்சிகள் பலிபீடத்தின் கீழிருந்து எதுவரைக்கும் என்று கேட்கின்றனர். அக்கேள்வி கேட்கப்படுவதற்கு ஒரு செவி வேண்டும்.

நரகத்தைப் படமாகத் தீட்டுவதில் அபாயம் ஒன்றுண்டு: தீட்டுபவன் தன் பகைவரை அதில் வைத்துவிடுகிறான். தாந்தே தம் காவியத்தில் போப்புமாரையே அங்கு வைத்தார். மிக்கேலாஞ்சலோ 1541இல் சிஸ்டைன் ஆலயத்துச் சுவரில் இறுதித் தீர்ப்பை எழுதி முடித்தபோது, தம் ஓவியத்தைக் குறைகூறிய போப்பரசரின் சடங்கு அதிகாரி ஒருவரைக் கழுதைக்காதுகளோடு நரகத்தின் மூலையில் நிறுத்தினார் என்பர். ஆனால் அதே ஓவியத்தில் அப்போஸ்தலன் பர்த்தொலொமேயு கையில் தொங்கும் உரிந்த தோலில் உள்ள முகம் ஓவியரின் சொந்த முகமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்த அதிகாரியின் காதுகளைக் கண்டு நகைப்போர் அந்தத் தோலையும் பார்த்துச் செல்லவேண்டும்.

இனி, பாவம் தனியொருவன் அந்தரங்கத்தில் செய்வதொன்று என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அகுஸ்தீன் தம் அறிக்கை நூலின் இரண்டாம் பாகத்தில், பதினாறு வயதில் தோழரோடு சேர்ந்து அயல் தோட்டத்துப் பேரிக்காய்களை இரவில் உலுக்கித் திருடியதைப் பேசுகிறார். பசியினாலன்று, அதைவிட நல்ல பழங்கள் அவரிடமே இருந்தன, திருடியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். பெரிய பாவங்கள் பல செய்தவர் பேரிக்காய்க்கு இத்தனை பக்கம் செலவிடுவானேன் என்று நகைப்போர் உண்டு. விடுதி மாணவர் நகைக்கமாட்டார்கள். மாந்தோப்பு ஓரமாய் விடுதி அமைந்த இடங்களில் அனுபவம் உண்டு. அவர் கண்டுபிடித்தது யாதெனில், தனியே இருந்திருந்தால் தாம் அதைச் செய்திருக்கமாட்டார் என்பது. வாருங்கள் செய்வோம் என்று கூட்டம் சொல்லும்போது, செய்யாதிருப்பதே வெட்கமாய்விடுகிறது. கூட்டமாய்ச் செய்யும் பாவத்திற்குப் பாவமென்ற பெயரே இல்லாது போய், வழக்கம் என்ற பெயர் வந்துசேர்கிறது. வழக்கத்திற்காக யாரும் மனந்திரும்புவதில்லை.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை இவ்வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அபாத்திரமாய்ப் போஜனபானம் பண்ணுகிறவன் தனக்கே ஆக்கினைத்தீர்ப்பை வருவித்துக்கொள்ளுகிறான் என்ற கருத்துள்ள அவ்வார்த்தைகள் நற்கருணை வேளையில் வாசிக்கப்படுகையில், நம்மில் ஒவ்வொருவரும் அவ்வாரம் சொன்ன பொய்யையும் கொண்ட கோபத்தையும் தேடிப் பார்க்கிறோம். நல்லதே. ஆனால் கொரிந்தில் நடந்தது வேறு. சபை கூடியபோது வசதியுள்ளோர் முந்திக்கொண்டு தம் உணவை உண்டனர், ஒருவன் பசியாயிருக்க, மற்றொருவன் வெறித்திருந்தான், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டனர். இதைச் சொல்லித்தான் பவுல் தீர்ப்பைப்பற்றி எழுதினான். சரீரம் இன்னதென்று நிதானித்தறியாமை என்று அவன் குறிப்பிட்டதில், பக்கத்தில் நிற்கும் ஏழையும் அச்சரீரத்தின் அவயவமே என்று அறியாமையும் அடங்கும். தீர்ப்பு என்ற சொல் கொரிந்தியருக்கு வெறும் ஏட்டுச்சொல்லன்று. அகாயாவின் அதிபதி கல்லியோன் முன்பாக அந்நகரத்து நியாயாசனத்தண்டையிலே பவுல் நிறுத்தப்பட்டதை அவர்கள் அறிவார்கள். தெல்பியிற் கிடைத்த கல்வெட்டொன்றினால் அது கி.பி. 51, 52ஆம் ஆண்டுகளையொட்டி நிகழ்ந்ததென்று கணிக்கப்படுகிறது. அக்கல்மேடை இன்றும் இடிபாடுகளிடையே காட்டப்படுகிறது. கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நாம் எல்லோரும் வெளிப்பட வேண்டும் என்று பவுல் அதே ஊராருக்கு இரண்டாம் நிருபத்தில் எழுதினபோது, அவன் வழங்கியதும் அந்த மேடைக்குரிய சொல்லே.

நமது தமிழ்ச் சபைகள் இவ்வதிகாரத்தை மூன்று நூற்றாண்டுகளாக வாசித்து வருகின்றன. அதே ஆலயங்களில் சாதிவாரியாக இருக்கைகளும் இருந்தன. பந்தியில் முன்பின் என்ற முறையும் இருந்தது. கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் இவ்வேற்றுமைகளைச் சபைக்குள் அறவே ஒழிக்க வேண்டுமென்று நிருபம் விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினார்களேயன்றி வேற்றுமையை விட்டு விலகவில்லை. அவர்கள் ஜெபிக்காதவர்களல்லர், கீர்த்தனைகளை மனமுருகிப் பாடியவர்கள். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கர் 1872இல் கட்டிய ஆலயம் ஒரே பீடத்தில் கூடும் இரு தனிக் கூடங்களை உடையது. ஒருபுறம் ஒருசாரார், மறுபுறம் மற்றவர். இடைச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. உடனே வழக்குத் தொடரப்பட்டு உயர் நீதிமன்றம் வரை சென்று, சுவரை வேண்டினோருக்குத் தோல்வியாயிற்று. சகோதரன் சகோதரனோடு அவிசுவாசிகள் முன்பாக வழக்காடலாமோ என்று கேட்டது மேற்படி கொரிந்தியர் நிருபமே என்பதை அவ்வழக்காடிகளுக்கு யாரும் நினைப்பூட்டினாரோ என்னவோ. இரு திருச்சபையிலிருந்தும் ஓர் உதாரணம் காட்டினோம். எச்சபையாரும் அடுத்த சபையாரை நோக்கிப் புன்னகைக்க இடமில்லை.

தேவனுடைய வீட்டிலிருந்தே நியாயத்தீர்ப்பு துவங்கும் என்று பேதுரு எழுதியதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுவதில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்திலே ராஜா கேட்கும் காரியங்கள் ஆறு: பசி, தாகம், அந்நியனாயிருத்தல், வஸ்திரமின்மை, வியாதி, காவல். புகையிலையும் சினிமாவும் அங்கில்லை. இடப்பக்கத்தில் நிற்போர் செய்த கொடுமை ஒன்றும் சொல்லப்படவில்லை, செய்யாமையே சொல்லப்படுகிறது. அவர்கள் உண்மையாகவே திகைத்து, எப்பொழுது உம்மைக் கண்டோம் என்கிறார்கள். கண்டிருந்தால் செய்திருப்பார்கள், ராஜாவுக்குச் செய்ய யார்தான் மறுப்பர்? அவர்கள் கண்டது அரண்மனை வாயிலில் படுத்துறங்கும் ஓர் ஏத்தியனை மாத்திரமே.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் நம்மில் ஒருவர் எழுப்பிய ஐயத்தையும் இங்கே சேர்க்கிறோம். இவையெல்லாம் பழங்கதையல்லவா, இப்போது எல்லோரும் ஒரே பெஞ்சில் அமர்கிறோமே என்றார் அவர். ஆலயங்களில் பெரும்பாலும் அவ்வாறே. ஆனால் நம் நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன. சிலவிடங்களில் நடுவே சுவரும் உண்டு. இருபுறத்துக் கல்லறைகளிலும் கடைசி எக்காளத்தையும் உயிர்த்தெழுதலையும் பற்றிய வாசகங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் தம் தாத்தாவின் கல்லறையைச் சுத்தஞ்செய்யப் போவதுண்டல்லவா. அப்போது சுவர் இருந்தால் அதன் மறுபுறமும் சென்று, அங்குள்ள பெயர்களையும் வாசித்து வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.